பூமயில் வீட்டுத் தன்னிறைவுத் தோட்டம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் பெரிய விஷயங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கமுதிக்குத் தெற்கே வேப்பங்குறிச்சி என்ற ஊரில், 2003ஆம் ஆண்டு பங்குனி மாதம் 'வசந்த காலம்' கண்டுபிடிக்கப்பட்டதே, அதற்கு முன்னால் அவையெல்லாம் தூசு. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் பங்குனியை வெயில் காலம் என்றே நினைத்து ஏமாந்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பொறுப்பாளர் வேதமுத்து. பாம்பன் பக்கத்துக்காரர். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர், மகன் ஜீப்பில் வந்தார். கையில் பச்சை அட்டை போட்ட ஒரு கையேடு. பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் எழுதப்பட்டு, சென்னையில் தமிழாக்கப்பட்டது. வீட்டுக்கு வேண்டிய காய்கறி முழுவதையும் வீட்டைச் சுற்றியே விளைவித்து, யாரையும் அண்டாமல் வாழ்வது எப்படி என்று அது விளக்கியது. மிளகாய் விவசாயி சோணைமுத்துவின் வாசலில் நின்று வேதமுத்து அதைப் பிரித்தார்.

"இங்கன கடைசி உறைபனி எப்ப விழுந்துச்சு?"

சோணைமுத்து நேர்மையாக யோசித்தார். "மார்கழியில கொஞ்சம் குளுரும் சார். துண்டப் போத்திக்கிருவோம்."

"அது கழிஞ்சிருச்சுல்ல? அப்ப விதைச்சிரலாம்."

"மழ ஐப்பசியிலல்ல சார் வரும்? பங்குனியில யாரு விதைப்பா?" என்று கேட்டாள் சோணைமுத்துவின் மனைவி பூமயில்.

"அதெல்லாம் பழைய முறைம்மா. கையேட்டுல வசந்த காலம்னு போட்டிருக்கு."

அச்சில் ஏறியதை மறுத்துப் பேசப் பூமயிலுக்குத் துணிச்சல் இருந்தது. ஆனால் வேதமுத்து அடுத்துச் சொன்னது அவள் வாயைக் கட்டிவிட்டது. மாதிரித் தோட்டம் வெற்றி பெற்றால், ஊருக்கு வேண்டியதை நிறுவனம் செய்து கொடுக்குமாம். ஊருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குடிதண்ணீருக்கு இருப்பது ஒரு ஊருணி. அது தூர்ந்து போய், கோடை முடிவதற்குள் வற்றிவிடும். அப்புறம் பெண்கள் குடத்தோடு நாலு மைல் நடக்க வேண்டும். அந்த நடைக்காகத்தான் பூமயில் போன வருஷம் மகள் செவ்வந்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். நிறுத்திய நாளிலிருந்து பெற்றவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருணியை ஆழப்படுத்திவிட்டால் பிள்ளையைத் திரும்ப அனுப்பலாம்.

தோட்டம் உருவாயிற்று. வீட்டைச் சுற்றி இருந்த இரண்டு சென்ட் இடம், கையேட்டின்படி ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. சோணைமுத்து மூன்றாம் மண்டலத்தில் பல் விளக்கி, நான்காம் மண்டலத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். ஐந்தாம் மண்டலம் 'மனிதன் தலையிடாத வனம்'. அந்தப் பொறுப்பை அங்கே ஏற்கெனவே நின்ற சீமைக்கருவேலம் ஏற்றுக்கொண்டது. மண் காயாமலிருக்க வைக்கோல் பரப்பினார்கள். அதற்கு 'மூடாக்கு' என்று பெயர். வீட்டு ஆடு மட்டும் அதை வைக்கோல் என்றே நினைத்துத் தின்றது. ஆட்டுக்குப் பயிற்சி முகாம் நடத்தப்படவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கையேடு அலட்டிக்கொள்ளவில்லை. 'வசந்த கால மழையே போதுமானது' என்று ஒரு வரி. வேப்பங்குறிச்சியிலோ பங்குனி பிறந்தால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் என்பது ஊர்க்கட்டு. ஊருணிக் கரையில் காவலுக்கு ராக்கு கம்போடு உட்கார்ந்திருப்பாள். உடன்பிறந்த தங்கச்சியே வந்தாலும் ஐந்தாவது குடம் கிடையாது. தோட்டமோ ஒரு நாளைக்கு நாற்பது குடம் குடித்தது.

ஊர் கூடியது. ராக்குதான் வழி சொன்னாள்.

"ஏத்தா பூமயிலு, வீட்டுக்கு ஒரு குடம் ஒந்தோட்டத்துக்கு ஊத்துறோம். நாக்கு வறண்டாலும் ரெண்டு மாசந்தான? ஊருணி ஆழமாகுமில்ல."

இப்படியாக, யாரையும் அண்டாத ஒரு குடும்பத்தை நாற்பது குடும்பங்கள் தாங்கிப் பிடித்தன. தன்னிறைவுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

வைகாசியில் தோட்டம் காய்த்துக் குலுங்கியது. ஊருணி சேறாகிக் கிடந்தது. தோட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து நிறுவனத்தின் இயக்குநர் வருகிற அன்று ஒரு இலைகூட வாடியிருக்கக் கூடாது என்று, சேற்றில் குழி பறித்துச் சுரண்டிய தண்ணீரையெல்லாம் விடியற்காலையிலேயே செடிகளுக்கு ஊற்றிவிட்டார்கள். அன்றைக்கு ஊரில் உலை வைத்த வீடு ஒன்றுமில்லை.

இயக்குநர் வருவதற்கு முன்னால் வேதமுத்து பூமயிலைத் தனியே அழைத்தார். "ஒதவி உண்டான்னு கேப்பாக. யாரும் இல்லன்னு சொல்லுங்க. வெளி ஒதவி இருந்தா அது தன்னிறைவு ஆகாது, தோட்டம் தோத்துரும்."

அப்படியே கேட்டார் இயக்குநர். "இவ்வளவுக்கும் யார் உதவினாங்க?"

"யாரும் இல்லங்கய்யா," என்றாள் பூமயில், தரையைப் பார்த்தபடி. வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் வறண்ட உதடுகளோடு ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அங்கேயே அறிக்கை எழுதி, உரக்க வாசித்தார்: "'ஊருணி வற்றிய கடும் கோடையிலும், எவர் உதவியுமின்றி இக்குடும்பம் தோட்டம் வளர்த்துள்ளது. ஆகவே இவ்வூரின் வளர்ச்சிக்கு ஊருணி வற்றுவது ஒரு தடையல்ல என்பது நிரூபணமாகிறது. ஆழப்படுத்தும் பணி தேவையற்றது.'" அப்புறம் நிமிர்ந்து சிரித்தார். "ஊருக்கு வேண்டியதைச் செய்றதா வாக்குக் கொடுத்திருந்தோம். இனிமே உங்களுக்கு எதுவுமே வேண்டியதில்லை! இதுதாம்மா எங்க வெற்றி."

அவரோடு வந்த புகைப்படக்காரர் கை தட்டினார். வேதமுத்து கையேட்டைப் புரட்டினார். இந்தக் கட்டத்துக்கு அதில் பக்கமில்லை. செவ்வந்தி இடுப்பில் வெறுங்குடத்தோடு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மக்களோடு மக்களாகக் கலப்பது இயக்குநரின் கொள்கை. ஜீப்பிலிருந்த பாட்டிலை ஒதுக்கிவிட்டு, "ஒரு சொம்பு தண்ணி கொடும்மா. உன் கையால குடிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கிறோம்," என்றார்.

வாசலுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டு இல்லை என்று சொன்னது பூமயில் பரம்பரையிலேயே கிடையாது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. பிறகு அந்தச் சூடு கோபமாக மாறியது. நேராகத் தோட்டத்துக்குள் போனாள். ஒரு தக்காளியைப் பறித்து, காலிச் சொம்பில் போட்டு நீட்டினாள்.

"நாப்பது வீட்டுத் தண்ணியும் இதுக்குள்ளதாங்கய்யா இருக்கு. பிழிஞ்சு குடிங்க."