பருந்தின் மேல் போட்ட பழி

அன்புள்ள டெல்மர் சித்தப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரே சொல்: ‘இப்ப.’ வான்கோழிச் சேவல் முப்பது தப்படியில் தோகை விரித்து நின்றது. அப்பா துப்பாக்கியை முழங்காலில் தாங்கி, என் வாயிலிருந்து அந்தச் சொல் வரக் காத்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மீதியை எழுதக் கை வரும்.

இனி முறைப்படி நலம். இங்கே மழை அளவோடு பெய்கிறது. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், என் சோளரொட்டியைக் குறை சொல்கிறார். நடீன் சித்தியின் இடுப்புவலி தேவலையா?

உங்களுக்கு அப்பா கொடுத்த வாக்கு நினைவிருக்கும். இந்த வசந்தத்தில் ஒரு காட்டு வான்கோழி கிடைத்தால் முனகாமல் முதியோர் இல்லத்துக்குப் போவார். கிடைக்காவிட்டால் அடுத்த வசந்தம்வரை வீட்டிலேயே இருப்பார். ஞாயிறு வேட்டைக்காலத்தின் கடைசி நாள். அவர் கண்ணில் ஓரங்கள் மட்டும்தான் மிச்சம், நடுவில் ஒன்றும் தெரியாது என்பதால் பார்ப்பது நான், சுடுவது அவர் என்று ஏற்பாடு. விடியுமுன் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து அவர் வழக்கம்போல் ஆந்தையாகக் கூவினார், கிளையில் தூங்கும் சேவல் எரிச்சலில் பதிலுக்குக் கத்தி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்குமே, அதற்காக. ஆனால் சேவல் கத்தவில்லை, பள்ளத்துக்கு அப்பால் இன்னொரு ஆந்தைதான் பதில் சொன்னது, அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை, இவர் கூவ, அது கூவ, அது நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் புதரை விலக்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணை ஹோபார்ட் நின்றார்.

“ஏன்டா, நீதானா ஆந்தை?” என்றார் அப்பா.

“நீ ஆந்தைன்னு நம்பி அரை மைல் தவழ்ந்து வந்திருக்கேன், ஓர்வல். முட்டி ரெண்டும் போச்சு.”

“உன் கூவலுக்கு எலிகூடப் பயப்படாது.”

“நீ மட்டும் மயங்கிப் பதில் சொல்லிட்டே இருந்தியே.”

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் தலைக்குமேல் நிஜமான கொம்பு ஆந்தை ஒன்று உறுமியது. வான்கோழியையே அடித்துக் கொல்லக்கூடிய ஜாதி அது. அதன்பின் மலை முழுக்க ஒரு வான்கோழியும் மூச்சுவிடவில்லை.

ஹோபார்ட் நொண்டிக்கொண்டே போனபின், ஒன்பது மணிக்கு மேய்ச்சல் ஓரத்தில் சேவலை ஏமாற்றும் ரப்பர் பெட்டைப் பொம்மையை நட்டு, அப்பா பெட்டைபோலக் கொஞ்சிக் கொஞ்சி அழைத்தார். அப்போதுதான் அந்தச் சேவல் வந்தது. நான் வீட்டை நினைத்தேன். அவர் இல்லாத சமையலறையை நினைத்தேன். அந்த நேரத்தில் செவ்வால் பருந்து ஒன்று கல்லாய் விழுந்து ரப்பர் பெட்டையின் முதுகைக் கவ்வியது, நகம் மாட்டிக்கொண்டது, விடவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் அதைப் புல்லில் இழுத்துக்கொண்டே போனது, சேவல் அலறி ஓடிவிட்டது.

“என்னடி சத்தம்?”

“பருந்துப்பா. வந்துட்டிருந்த சேவலை வெரட்டிருச்சு.”

“சண்டாளப் பருந்து,” என்றார்.

ஆகவே சித்தப்பா, பருந்தின் பெயரால் கேட்கிறேன், இல்லத்தில் அவருக்காக நீங்கள் சொல்லிவைத்திருக்கும் இடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஒரு வசந்தம் மட்டும். உங்கள் இருவருக்கும் ஆண்டவர் துணை.

அன்புடன்,
கோரின்

பி.கு: கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார் அப்பா. முதல் பத்தியை விட்டுவிட்டுப் படித்தேன். முடிந்ததும் சொன்னார்: “பருந்து வர்றதுக்கு முன்னாடியே சேவல் ரொம்ப நேரம் நின்னுச்சும்மா. பெட்டையைப் பாத்தா உப்பிக்கிட்டு உடம்பு அதிர உறுமுமே, அது எனக்கு நெஞ்சுல கேட்டுச்சு. நீ சொல்வேன்னு பாத்தேன்.” நான் மன்னிப்புக் கேட்டேன். “சுடறது என்ன பெரிசு? நான் கூப்பிட்டேன், அது வந்துச்சு. கிடைச்ச கணக்குதான். டெல்மர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றார்.

இதைத் தபாலில் போடுமுன்பே, வெள்ளிக்கிழமை காலை அவரை இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்தேன்.