ஊரார் குடலை அறிந்தவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தன் வீட்டுக் கூரை ஒழுகுவது தெரியாது. அடுத்தவன் வயிற்றுக்குள் எந்த வளைவில் எது அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். இவர்கள் உங்களைப் பார்த்து "சுகமா?" என்று கேட்பதில்லை. "காலையில போச்சா?" என்று கேட்பார்கள். போச்சு என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள். எப்படிப் போச்சு, என்ன நிறம், முந்தாநாள் என்ன தின்றாய், தின்ற பிறகு எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தாய் என்று அடுத்தடுத்து வரும். சர்ச் வாசல், கல்யாண வீடு, சவக்குழி ஓரம் என்ற பேதமெல்லாம் இவர்களுக்குக் கிடையாது. இவர்களுக்குக் குடல் பண்டிதர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஆனால் எங்கள் பொமெட் மலைப்பக்கத்தில் விளைவதுபோல வேறெங்கும் விளைவதில்லை. தேயிலைக்கும் இவர்களுக்கும் ஒரே மண் ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது. இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று, எங்களுக்குக் குடல் என்பது வெறும் கறி அல்ல, படிக்கிற பொருள். விசேஷத்துக்கு ஆடு அறுத்தால் பெரியவர்கள் குடலை இலைமேல் பரப்பி, அதில் ஓடும் நரம்பையும் புள்ளியையும் பார்த்து மழையையும் சண்டையையும் சாவையும் சொல்வது வழக்கம். ஆட்டுக் குடலைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் லாங்கட்டின் குடல் எம்மாத்திரம்? இரண்டாவது காரணம், எங்கள் ஊரில் கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். அல்சர். ஏப்பம் வந்தால் அல்சர். ஏப்பம் வராவிட்டாலும் அல்சர். நோய் ஒன்றே என்று ஆகிவிட்டால் வைத்தியனாவது எளிது.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அராப் மொசொனிக். தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனும் நானும் ஒரே வருடத்தில் நுனித்தோல் அறுக்கும் ஆண்பிள்ளைச் சடங்கு முடித்தவர்கள். ஆகவே ஒரே வயதுக்கூட்டம், ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளச் சட்டப்படி உரிமை உண்டு. நான் அறுப்புக் கொட்டகையில் இறைச்சி சோதிக்கிறவன். ஈரலைக் கீறிப் பார்த்து, புழு இல்லையென்றால் ஊதா முத்திரை குத்துவேன். மொசொனிக்குக்கு என் உத்தியோகத்தின்மேல் தீராத பொறாமை.

"நீ செத்த மாட்டுக்குத்தானே வைத்தியம் பார்க்கிற? நான் உயிரோட இருக்கிறவனையே பார்த்துச் சொல்வேன்" என்பான்.

சொல்லவும் சொன்னான். மளிகைக்கடைக்காரர் மனைவிக்கு வயிறு உப்பியபோது இரட்டைப் பிள்ளை என்றான். ஆஸ்பத்திரியில் பித்தப்பையிலிருந்து பதினோரு கல் எடுத்தார்கள். "பதினொண்ணுன்னு நான் எண்ணிச் சொல்லல, அவ்வளவுதான். உள்ள என்னமோ இருக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றான். போதகர் பிரசங்கத்தின் நடுவே விக்கியபோது முன்வரிசையிலிருந்து எழுந்து, "ஈரல் சூடு, ஐயா! முட்டைக்கோஸ் சாறு குடிங்க!" என்று குரல் கொடுத்தான். லாங்கட் வாத்தியார் நெஞ்சைத் தடவினால் அல்சர் என்பான். வாத்தியார் பாவம், தடவாமல் இருக்கவும் பழகிப் பார்த்தார். "பார்த்தீங்களா, மறைக்கிறான். முத்தின அல்சர்!"

இவனுடைய இன்னொரு பெருமை தேநீர். எங்கள் பக்கத்தில் தேநீர் கொதிக்கக் கொதிக்க இறங்கவேண்டும். சடங்கில் கத்தி படும்போது கண் சிமிட்டாமல் நின்ற ஆண்பிள்ளை, ஒரு குவளைத் தேநீருக்குப் பயந்து உஃப் உஃப் என்று ஊதலாமா? ஊதினால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். மொசொனிக் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் குமிழி அடங்குமுன் குவளையில் வாங்கி, நாங்கள் உதட்டருகே கொண்டுபோய் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காலிக் குவளையை மேசையில் கவிழ்த்து வைப்பான். "யார் இன்னும் குழந்தை?" என்று சுற்றிப் பார்ப்பான். ஐம்பது வருடம் இப்படி. நானும் சும்மா இல்லை. பெரும்பாலும் இரண்டாவதாகக் கவிழ்த்தவன் நான்தான்.

போன வருடம் சோளம் விதைத்த சமயத்தில் முதல் அடையாளம் தெரிந்தது. உகாலிக் களியைக் கை நிறைய எடுத்து உருட்டி விழுங்குகிற மனிதன், கோலிக்குண்டு அளவுக்கு உருட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வாய் தேநீர். "இப்ப வர்ற சோளம் சரியில்ல, ஒட்டுவிதை" என்றான். பிறகு இறைச்சியைப் பேரப்பிள்ளைகள் தட்டுக்குத் தள்ளினான். "தின்ன வேண்டியதெல்லாம் தின்னாச்சு." பிறகு பல்லைக் குறை சொன்னான். பல் பாவம், முப்பத்திரண்டும் இருந்தது. அறுவடைக்குள் கூழும், கரி பூசிய சுரைக்குடுக்கையில் புளித்த முர்சிக் பாலும்தான் ஆகாரம் என்றாயிற்று. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டான். பிறகு அதற்கும் உள்ளே இன்னொன்று.

ஊரில் யார் எத்தனை முறை கொல்லைக்குப் போகிறார்கள் என்று தெரிந்தவனுக்குத் தன் தொண்டைக்குழியில் உருண்டை நிற்பது தெரியாதா? தெரிந்தது. அதற்கும் பெயர் வைத்திருந்தான். சொல்லவும் வேண்டுமா?

அவன் மகளைப் பெண் பேச வந்த நாளில் எல்லாம் வெளிப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர், கோட்டும் தொப்பியுமாகப் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, ஆடு அறுத்தோம். குடலை இலைமேல் பரப்பியதும் மொசொனிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தான்.

"மழை உண்டு" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுபடி குனிந்தான். "இந்தச் சம்பந்தம் நிலைக்கும். முதல் பிள்ளை ஆண்." சம்பந்திகள் கைதட்டினார்கள். வழக்கப்படி அத்தோடு குடலைச் சுருட்டிவிடலாம். இவன் மூன்றாவது முறை குனிந்தான். சபைக்குப் பார்த்தாயிற்று, சம்பந்திக்குப் பார்த்தாயிற்று, இது யாருக்கு? விரலால் ஒரு வளைவை விலக்கி, இன்னொரு வளைவைப் பிரித்து, நெடுநேரம் தேடினான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"வீட்டுக்காரனுக்கு இன்னும் முப்பது வருஷம்! பேரன் கல்யாணத்துக்கு அவன் கையாலதான் மாடு அறுப்பான்!"

சாப்பாடு வந்தது. வீட்டுப் பெரியவர் முதல் துண்டை விழுங்கிய பிறகுதான் விருந்தாளிகள் கை வைப்பார்கள். மொசொனிக் சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்தான். மென்றான். பதினைந்து பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க, மென்றுகொண்டே இருந்தான். விழுங்கினான். கண் பிதுங்கியது. நெஞ்சை ஒரு தட்டு தட்டினான். பிறகு, "சம்பந்தி, ஒரு நிமிஷம், கன்னுக்குட்டி அவிழ்ந்துடுச்சு போல" என்று மாட்டுத்தொழுவத்தின் பின்னால் ஓடினான். எங்கும் எந்தக் கன்றும் அவிழவில்லை.

நான் பின்னால் போனேன். அவன் மனைவி தப்லெலெய் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அவன் கக்கியதில் இறைச்சித் துண்டு அப்படியே கிடந்தது. எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது.

"அல்சர்" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. குடல்ல பார்த்தேன், ஒண்ணும் பயமில்ல."

"ஆட்டுக் குடல் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் தப்லெலெய். "அந்த ஆட்டுக்குத் தீனி இறங்கிச்சு. உங்களுக்குத்தானே இறங்கல?"

அப்போது அவன் தங்கை மகள் செலிமோ வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையில் கழிவுத் தட்டு. நாய்க்குப் போட வைத்திருந்த குவியலிலிருந்து, ஒரு முழ நீளத்தில் வெளுத்த குழாய் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"மாமா, இது என்ன?"

"உணவுக்குழாய். நாய்க்குப் போடு."

"வாயிலிருந்து இரைப்பைக்குப் போற வழி இது ஒண்ணுதான். சிறுகுடல் இருபது அடிக்கு மேல இருக்கு, அதைப் பக்கம் பக்கமாப் படிக்கிறீங்க. இந்த ஒரு முழத்தை என்னிக்காவது படிச்சீங்களா? கொதிக்கிற தேநீர் பட்டு நாக்கு சுட்டா கத்தும். இதுக்குக் கத்தத் தெரியாது, மாமா. வருஷக்கணக்கா வெந்து வெந்து புண்ணாகிச் சுருங்கிக்கிட்டே வரும். முதல்ல உகாலி நிக்கும், அப்புறம் கூழ் நிக்கும், அப்புறம் தண்ணி நிக்கும். எங்க வார்டுல இப்ப ஒன்பது பேர் இருக்காங்க. ஒன்பது பேரும் அல்சர்னுதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க."

மொசொனிக் அந்தக் குழாயைக் கையில் வாங்கினான். புரட்டிப் பார்த்தான். நாய்க்குப் போடவில்லை. நானும் அதைப் படித்தவனில்லை. என் சோதனைக் கத்தி ஈரலைக் கீறும், நுரையீரலைக் கீறும். அந்தக் குழாயை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு முத்திரை குத்திவிடுவதுதான் என் வழக்கம்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வரிசையில் உட்கார்ந்ததும் பழைய சுரத்து வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் கணையம் எங்கே இருக்கிறது என்று விளக்கினான். தவறான பக்கத்தைக் காட்டினான். எதிரே இருந்தவருக்கு முட்டைக்கோஸ் சாறு எழுதிக் கொடுத்தான். நான் வரிசையைப் பார்த்தேன். எல்லோர் பெல்ட்டிலும் ஆணியால் போட்ட ஓட்டை.

வாய் வழியாக விளக்கு வைத்த குழாய் விட்டுப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். பெண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"உணவுக்குழாயில் புற்று, பெரியவரே. நடு மார்புக்கு நேரா. ஈரலுக்கும் பரவியிருக்கு. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சு. விதைப்புக் காலத்திலேயே வந்திருந்தா வேற பேச்சு பேசியிருக்கலாம்."

மொசொனிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். பிறகு கேட்டான்: "கொஞ்சங்கூட அல்சர் இல்லையா, டாக்டர்?"

"இல்லை."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும் இல்லை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அழுகை ஜெயித்தது. தாழ்வாரத்துக்குப் போய், எங்கள் வயதுக்கூட்டத்துக்கு உரிய எல்லா வசவுகளையும் அவன்மேல் ஒன்று விடாமல் கொட்டினேன். "மடையா, எட்டு மாசமாடா! ஊரான் பீயைப் பார்த்தியே, உன் தொண்டையைப் பார்க்கக்கூடாதா?" அவன் என் தோளில் கை போட்டு, "கத்தாதே, உனக்கு ஈரல் சூடாகும்" என்றான்.

கம்பி வலையால் செய்த சின்னக் குழாய் ஒன்றை உள்ளே வைத்து வழியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நோய் போகாது, சாப்பாடு இறங்கும். எவ்வளவு நாளைக்கு என்று டாக்டர் தப்லெலெயிடம் மட்டும் சொன்னார். முப்பது வருஷம் இல்லை. மகள் கல்யாணத்தை மூன்று வாரத்துக்குள் இழுத்துவிட்டார்கள். அன்று அவன் சின்னச் சின்னதாக மசித்த இறைச்சி தின்றான். சம்பந்திகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், பதினான்கு வாய்.

இப்போதும் தேநீர்க்கடைக்கு வருகிறான். தேநீரை வாங்கி எதிரே வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ஆறவேண்டும். இளவட்டங்கள் சிரித்தால், "கத்திக்கு அசையாதவன்டா நான். தேநீருக்கு ஊதுறேன். எவனுக்கு என்ன?" என்று சத்தமாக ஊதுகிறான். கேள்விகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டான். ஒன்றே ஒன்று பாக்கி: "உகாலி இறங்குதா?" தயங்கினால் போதும், காலரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றிவிடுகிறான். லாங்கட் வாத்தியாரை அப்படித்தான் அனுப்பினான். அவருக்கு உண்மையிலேயே அல்சர். மொசொனிக் சொன்னது வாழ்க்கையில் முதல்முறையாகப் பலித்தது. இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

போன வாரம் என்னைப் பார்த்தான். நான் சட்டைப்பையிலிருந்து நெஞ்செரிச்சலுக்குத் தின்கிற சுண்ணாம்பு மாத்திரை ஒன்றை எடுத்து மென்றுகொண்டிருந்தேன்.

"எத்தனை நாளா?"

"அது சும்மா... அல்சர்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. குவளையை நகர்த்திவிட்டு என் பெல்ட்டைப் பார்த்தான். வரும் வியாழன் எனக்கும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். கூட வருகிறானாம். வரிசையில் வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், நான் நம்பவில்லை.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். படிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது? மைத்துனரா? மாடி வீட்டுக்காரரா? அலுவலகத்தில் ஏப்பம் விடுகிற அந்த மனிதரா? அவரிடம் இதைப் படிக்கக் கொடுக்கவேண்டும் என்று தோன்றியதா? இந்த இனத்தின் முதல் அடையாளமே அதுதான். இரண்டாவது அடையாளத்தை நான் இங்கிருந்து பார்க்கமுடியாது. நேற்று கடைசி உருண்டை எந்த இடத்தில் ஒரு நொடி நின்று இறங்கியது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கையிலிருக்கும் டம்ளரை முதலில் கீழே வையுங்கள். ஆறட்டும்.