சங்குப் பெட்டியும் நாலாயிரம் இதயங்களும்

இணுவில் கிழக்குச் சனசமூக நிலையத்தில் அன்று இருக்கக் கதிரை போதவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இருந்து கொஞ்சம் எடுத்து வந்தார்கள். அதுவும் போதாமல் மதிலில் ஏறி இருந்தார்கள். விதைக் கிழங்கு கொடுக்கும் நாளில்கூட இப்படிச் சனம் வந்ததில்லை. அன்று கொடுக்கப்பட்டது கிழங்கு அல்ல. ஒரு எண்.

எண்ணைக் கொடுக்க வந்தவர் கலாநிதி குகதாசன். எந்தத் துறையில் கலாநிதி என்று யாரும் கேட்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், அந்த வெய்யிலிலும் அதைத் தளர்த்தவில்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். வெங்காயத்துக்குத் தாள் முறுகிச் சரியும் வருத்தம் வருகிறதல்லவா, அதற்கு இனி மருந்து தேவையில்லை. தோட்டத் தறையின் நடுவில் ஒரு பெட்டியை நட்டால் போதும். பெட்டி காலையும் மாலையும் சங்கு ஊதும். சத்தத்தைக் கேட்டுப் பூஞ்சணம் ஓடிவிடும். பூஞ்சணத்துக்குக் காது எங்கே இருக்கிறது என்பது கட்டுரையின் இரண்டாம் பாகத்தில் வரும் என்றார். இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை.

சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரு வண்ணச் சக்கரம் தெரிந்தது. அதன் நடுவில் நாலாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண்.

"இது நான் சொல்லுற எண் இல்லை," என்றார் கலாநிதி. "உலகம் சொல்லுற எண். என்ரை ஆராய்ச்சியைப் பற்றி இணையத்திலை ஆர் எங்கை கதைச்சாலும் இந்தச் சக்கரம் எண்ணும். முந்தியெல்லாம் ஒரு ஆராய்ச்சி சனத்துக்குப் பயன்பட்டுதோ எண்டு அறிய வருசக்கணக்காச் செல்லும். இப்ப உடனை தெரியும். எண் கூடினால் பயன் கூடினது!"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சக்கரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று, தானும் கும்பிட்டார்.

இராசமலர் கும்பிடவில்லை. பக்தி இல்லாதவள் அல்ல. கந்தசுவாமி கோயில் தேருக்கு ஒரு வருசமும் தவறியதில்லை. ஆனால் அவளுடைய தறையில் அந்தப் பெட்டி ஏற்கெனவே நிற்கிறது. சில கிழமையாகச் சங்கு ஊதுகிறது. அதே சில கிழமையாகத் தாளும் முறுகுகிறது.

கிணற்றடிப் பக்கத்துப் பாத்திகள் எல்லாம் படுத்துவிட்டன. பனையடிப் பக்கம் மட்டும் இன்னும் பச்சை. அதை இப்போது காப்பாற்றினால்தான் உண்டு. இந்தப் போகத்தில் அந்த வீட்டுக்கு வேறு விளைச்சல் இல்லை. மருந்தும் வாங்கி வைத்திருந்தாள். அடிக்கப் புருசன் பரமலிங்கம் விடவில்லை. மருந்து பட்டால் ஒலியலை முறிந்துவிடும் என்று கலாநிதி சொல்லியிருந்தார்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பாத்தியை ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோவன்," என்று அவள் எத்தனையோ தரம் கேட்டாள்.

"விசர்க்கதை கதையாதை. பெரியண்ணை கனடாவிலை இருந்து கட்டுரைக்கு இதயம் போட்டிருக்கிறார். அந்த மனுசன் எஞ்சினியர். சும்மா போடுவாரோ?"

ரொறன்ரோவில் இருந்து வந்த சிவப்பு இதயம், காலடியில் கிடந்த மஞ்சள் தாளை வென்றது. பரமலிங்கம் குனியவில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம், இறைப்பு மிசின் ஓடிக்கொண்டிருக்க, வரம்பில் குந்தியிருந்து இராசமலர் போனை எடுத்தாள். இணையத்தில் இருந்த கலாநிதியின் கட்டுரைக்குக் கீழே எழுதினாள்: 'உது சுத்தப் பொய். பெட்டி வைச்சும் என்ரை வெங்காயம் பட்டுப்போச்சு. ஒருத்தரும் நம்பாதேங்கோ.' அடுத்த தறைக்காரி தயாளினி அதற்குக் கீழே, 'ஓம், எங்கடையும்' என்று போட்டாள். அவ்வளவுதான். 'கலாநிதியைப் பற்றிக் கதைக்க நீங்கள் ஆர்?' என்று ஒருவர் வந்தார். அவரை ஏச இன்னொருவர் வந்தார். பொழுதுபடும்வரை நல்ல சண்டை.

இப்போது மேடையில் கலாநிதி கையை உயர்த்தினார்.

"ஒரு சந்தோசமான செய்தி! நேற்று ஒரே நாளிலை எங்கடை எண் எகிறிப் போட்டுது. எங்கையிருந்து? உங்கடை இணுவிலிலை இருந்து! ஒரு கமக்காரப் பெண் தொடக்கி வைச்சிருக்கிறா. இதைத்தான் சமூகத் தாக்கம் எண்டு சொல்லுறது. கை தட்டுங்கோ!"

தட்டினார்கள். இராசமலருக்குக் காது சுட்டது. தான் ஏசியதற்கு ஊர் கைதட்டுகிறது.

விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் எழுந்தார். "அப்ப இண்டையிலை இருந்து எல்லாற்றை தறையிலும் பெட்டி. ஒருத்தரும் மருந்து அடிக்கக்கூடாது. சம்மதமானவை கை உயர்த்துங்கோ."

முதலில் உயர்ந்தது பரமலிங்கத்தின் கை.

சுற்றிவர எல்லாத் தறையும் அழுகினால் பனையடிப் பக்கம் மட்டும் எப்படித் தப்பும்? இராசமலர் எழுந்துவிட்டாள்.

"பொறுங்கோ. கலாநிதி ஐயா, அந்தக் கமக்காரப் பெண் நான்தான்."

மறுபடியும் கைதட்டல்.

"நான் என்ன எழுதினனான் எண்டு வாசியுங்கோவன்."

"அதெல்லாம் தேவையில்லை அம்மா. எழுத்தை வாசிக்க வெளிக்கிட்டால் முடியுமோ? எண்தான் விஞ்ஞானம்."

"அப்ப நானே வாசிக்கிறன்," என்று வாசித்தாள். கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கலாநிதி கலங்கவில்லை. "பாத்தியளே, விவாதம்! விவாதமும் தாக்கம்தான்."

"அப்பிடியோ? சரி, ஒண்டு செய்வம். எல்லாரும் போனை எடுங்கோ. கட்டுரைக்குக் கீழை பொய் எண்டு எழுதுங்கோ. சக்கரம் என்ன செய்யுதெண்டு பாப்பம்."

"கள்ளன் எண்டும் போடட்டோ?" என்று தயாளினி கேட்டாள்.

"போடு, போடு."

மதிலில் இருந்தவர்களும் போனை எடுத்தார்கள். பொய் என்று ஒருவர் எழுதினார். பச்சைப்பொய் என்று இன்னொருவர். தயாளினி சொன்னபடியே செய்தாள். ஒருவர் இதுதான் சமயம் என்று, தன் பழைய மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்று எழுதினார். சக்கரம் பேதம் பார்க்கவில்லை. பொய்யையும் எண்ணியது, கள்ளனையும் எண்ணியது, மோட்டார் சைக்கிளையும் எண்ணியது. துணியில் எண் ஏறிக்கொண்டே போனது. பழக்கதோசத்தில் கலாநிதி சிரித்துவிட்டார். பிறகுதான் தான் ஏச்சு வாங்குவது நினைவு வந்தது.

"இப்ப சொல்லுங்கோ ஐயா," என்றாள் இராசமலர். "பயன் கூடிப்போச்சுதோ?"

கலாநிதி கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

அப்போதும் பரமலிங்கத்துக்கு மனம் ஆறவில்லை. "எல்லாம் சரி. பெரியண்ணை பொய்க்கு இதயம் போடுவாரோ?"

"எடுத்துக் கேளுங்கோவன் அண்ணை," என்றாள் தயாளினி. "எல்லாருக்கும் கேக்கத் தக்கதாய் எடுங்கோ."

எடுத்தார். தூக்கக் குரலில் பெரியண்ணை ஆழ்வாப்பிள்ளை வந்தார். "என்னடா தம்பி, விடியக் காலமை? ஆரும் செத்துப் போட்டினமோ?"

"இல்லை அண்ணை. அந்தச் சங்குப் பெட்டி ஆராய்ச்சிக்கு இதயம் போட்டனீங்களெல்லோ. வாசிச்சுப் பாத்தே போட்டனீங்கள்?"

"எந்த ஆராய்ச்சி? ஓ... கழுத்துப்பட்டியோடை ஒரு ஆள், மாலையும் போட்டு, பூவேலை வட்டத்துக்குள்ளை? அது மரண அறிவித்தல் எல்லே? ஆழ்ந்த அனுதாபங்களும் எழுதிவிட்டனான். பாவம், என்ன வருத்தத்திலை போனவர்?"

மண்டபம் முழுவதும் கலாநிதியைத் திரும்பிப் பார்த்தது. அவர் உயிரோடுதான் நின்றார்.

இந்த ஊரில் ஒரு செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை கதைபடும். செத்தவரைத் தெரியுமா என்று கேட்கமாட்டார்கள்; முகம் காட்டினாயா என்றுதான் கேட்பார்கள். கடல் கடந்து போனவர்கள் நேரில் வர முடியாது. அதனால் ஊரில் இருந்து எந்தப் படம் வந்தாலும் ஒரு இதயத்தை அழுத்திவிட்டு வேலைக்குப் போகிறார்கள். முகம் காட்டியாயிற்று. அந்த முகங்களை எண்ணித்தான் கலாநிதி பெட்டி விற்றார். வெளிநாட்டுச் சனம் நம்புகிறதே என்று ஊர் நம்பியது. ஊர்ச்சனம் பகிர்கிறதே என்று வெளிநாடு அழுத்தியது. கட்டுரையை வாசித்த ஆளை இன்றுவரை யாரும் கண்டதில்லை.

பரமலிங்கம் போனை வைத்த கையோடு எழுந்தார். அன்றைக்கு அவர் வாயில் இருந்து வந்த ஒரே நல்ல கேள்வி இதுதான்.

"பெட்டி வைச்சு ஆருடைய வெங்காயம் தப்பினது? கை உயர்த்துங்கோ பாப்பம்."

ஒரு கையும் எழவில்லை. மற்றவனுடையது தப்பியிருக்கும் என்றுதான் ஒவ்வொருவரும் அதுவரை நினைத்திருந்தார்கள். தீர்மானத்துக்கு உயர்ந்த கைகளும் எப்போது கீழே போயின என்று தெரியவில்லை. கலாநிதி வயரைச் சுருட்டத் தொடங்கினார். தலைவர், தான் ஆரம்பத்தில் இருந்தே சந்தேகப்பட்டதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெய்யில் தணிய முதல் பரமலிங்கம் மருந்து மிசினை முதுகில் கட்டிக்கொண்டு தறைக்குப் போனார். முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். பிறகு மருந்தை அடித்தார். பனையடிப் பக்கம் பாதிக்கு மேல் தப்பியது. கிணற்றடிப் பக்கத்தை உழுது போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தை யாரோ படம் பிடித்து இணையத்தில் விட்டிருந்தார்கள். உலகமெல்லாம் பார்த்துச் சிரித்தது. சிரித்த சிரிப்பையும் சக்கரம் எண்ணியது. எண் இப்போது முன்னையதைவிட இரண்டு மடங்கு. கலாநிதி அதைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போயிருக்கிறார் என்று கேள்வி. 'இணுவில் மக்களை எழுந்து நிற்கவைத்த ஆராய்ச்சி' என்று கீழே போட்டிருக்கிறாராம். அதில் மட்டும் பொய் இல்லை.

உங்கள் ஊருக்கும் அவர் வரலாம். வந்தால் எண்ணைப் பார்க்க முதல், பெட்டி வைத்த ஒரு தறையைப் போய்ப் பாருங்கள். அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பலாக, பஞ்சியாக இருந்தால், யோசிக்கவும் பஞ்சியாக இருந்தால், தாராளமாகப் பெட்டியை வாங்குங்கள். உங்கள் வெங்காயத்துக்குச் சங்காவது ஊதட்டும்.