நல்ல செய்தி சொல்லப் போன அதிபர்

அதிபர்கள் புத்தகம் வாசிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாக வாசிக்கலாம். ஆனால் வாசித்த மறுநாளே அதைச் செய்து பார்க்கக் கூடாது. ஒரு கிழமையாவது ஆறப் போட வேண்டும். சூட்டோடு தூக்கிக்கொண்டு ஓடினால் கை சுடும். என் விஷயத்தில் ஒரு ஊருக்கே சுட்டுவிட்டது.

நான் அதிபராகி அது முதல் வருடம். பாடசாலை பேசாலைப் பக்கம், கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். எனக்குச் சொந்த இடம் வெள்ளாங்குளம். வயலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்தவன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்பு என்பதுதான். (மீன்களின் பெயர்கூட மனைவி சொல்லித்தான் தெரியும். அவளும் சந்தையில் கேட்டு வந்துதான் சொல்லுவாள்.)

அந்த வருடம் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. பாடசாலைத் தலைவர்களும் ஆசிரியர்களும் வாசிக்க வேண்டிய நூல்கள் என்று தலைப்பு. அதில் ஒன்றையாவது ஒவ்வொரு அதிபரும் வாசித்து, வாசித்ததில் ஒன்றைப் பாடசாலையில் செய்து பார்த்து, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். பட்டியலைப் பிரதி எடுத்து ஆசிரியர் ஓய்வறையில் ஒட்டினேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால், அதன் மேலேயே யாரோ மடுத் திருவிழாவுக்கு வாடகை வான் பிடிக்கிற அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள்.

ஆசிரியர்கள் வாசிக்காவிட்டால் போகட்டும், தலைவன் நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு வீறாப்பு. இருந்த புத்தகங்களில் ஆக மெல்லியதை எடுத்தேன். வெளிநாட்டவர் ஒருவர் எழுதியதன் தமிழாக்கம். கறுப்பு மட்டை. பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. ‘பெற்றோருக்கு நல்ல செய்தி’ என்று அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. பாடசாலை எப்போதும் குறை சொல்லத்தான் பெற்றோரைத் தேடுகிறது, ஒரு தடவையாவது அதிபர் நல்ல செய்தியோடு அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தது. எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றும் கீழே வரிசையாகப் போட்டிருந்தது. அந்தப் பக்கம் முழுவதற்கும் கோடு கிழித்து வைத்தேன்.

நல்ல செய்தியும் கையில் இருந்தது. தரம் ஏழில் அனிஷ்டா என்றொரு பிள்ளை. எழுத்துகளைத் தெரியும், ஆனால் கூட்டி வாசிக்க வராது. வாசிக்க எழுப்பினால் கண் கலங்கி நிற்பாள். தாய் ஜெசிந்தா இரண்டு தடவை என்னிடம் வந்து, “இவளுக்குப் படிப்பு ஏறாது சேர். இந்தத் தவணையோட நிப்பாட்டப் போறன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் பிரதி அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. அந்தச் சிஸ்டர், இடைவேளை நேரமெல்லாம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் அனிஷ்டா எழுந்து நின்று ஒரு பக்கத்தை முழுதாக வாசித்தாள். சிஸ்டர் அழுதுவிட்டார். இந்தச் செய்தியைத் தாய் கேட்டால் பிள்ளையை நிற்பாட்ட மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதற்காகவே போக வேண்டும் என்று நினைத்தேன். (வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்வதற்கு வேறு ஒன்றும் கையில் இல்லை என்பதும் உண்மைதான்.)

புதன்கிழமை போனோம். நான் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டு. சிஸ்டர் வழக்கமான வெள்ளை அங்கி. வீட்டுக்குப் போகிற ஒழுங்கை மணலில் மோட்டார் சைக்கிள் புதையும் என்பதால் கோயிலடியில் விட்டுவிட்டு நடந்தோம். சிஸ்டருக்கு நாய் என்றால் பயம், ஆகவே வழி நெடுகச் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். என்னுடைய முகம் பிறவியிலேயே அஞ்சலிக் கூட்டத்து முகம். கமக்கட்டுக்குள் இடுக்கிய அந்தக் கறுப்பு மட்டைப் புத்தகம். விடியற்காலையிலிருந்து காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன போட்டுகள் இன்னும் திரும்பவில்லை என்று வழியில் யாரோ கதைத்தது காதில் விழுந்தது. எனக்கோ சேட்டில் மணல் ஒட்டுகிறதே என்பதுதான் கவலையாக இருந்தது.

ஜெசிந்தா முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் சத்தம் போடாமல் படலையைத் திறந்து உள்ளே போனோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் என்னை, பிறகு சிஸ்டரை, பிறகு சிஸ்டரின் கையிலிருந்த செபமாலையை. கையில் இருந்த கருவாட்டுக் கடகம் கீழே விழுந்தது.

“என்ன சேர்?”

“ஒண்டுமில்லை அம்மா. நீங்கள் முதல்ல இருங்கோ” என்றேன், குரலை நன்றாகத் தாழ்த்தி.

“ஏன் சேர்? ஏன் என்னை இருக்கச் சொல்லுறியள்?”

“இருங்கோ அம்மா. இருந்து ஆறுதலாக் கதைப்பம்.”

சிஸ்டர் விறாந்தையிலிருந்து ஒரு கதிரையை எடுத்து வந்து போட்டார். தோளில் கை வைத்து, “கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த, எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியாத விஷயம். (சிஸ்டர் வவுனியாவிலிருந்து மாற்றமாகி வந்து ஒரு தவணைதான் ஆகியிருந்தது.) கடலில் ஒருவர் இறந்துபோனால், அதை அங்கே ஃபோனில் சொல்ல மாட்டார்கள். ஊர் மதிக்கிற இரண்டு மூன்று பேர் வெள்ளை உடுத்து வீட்டுக்குப் போவார்கள். பங்குச் சுவாமியோ சிஸ்டரோ கூட வருவார். படலையில் நின்று கூப்பிட மாட்டார்கள். உள்ளே வந்து முதலில் அந்தப் பெண்ணை இருக்கச் சொல்லுவார்கள். என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார்கள்.

“யூட்! என்ர ராசா!” என்று ஜெசிந்தா போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யூட் அவருடைய புருஷன். விடிவதற்கு முன்னர் கடலுக்குப் போனவர்.

“இல்லை அம்மா, அவருக்கு ஒண்டுமில்லை! நாங்கள் மகளைப் பற்றித்தான்...” என்று நான் தொடங்கினேன்.

“ஐயோ, பிள்ளையுமா!”

அவர் மணலில் விழுந்தார். சிஸ்டர் பதறிப்போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார் அம்மா, தைரியமா இருங்கோ” என்றார். அதோடு நான் செய்யாமல் விட்ட மிச்சமும் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள், ஜெசிந்தாவைப் பார்த்தார்கள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையில் அடித்து அழத் தொடங்கினார்கள். நான் “நல்ல செய்தி, நல்ல செய்தி” என்று கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன். அதிபருக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, ஜெசிந்தாவுக்கென்று கொண்டு வந்த தண்ணீரை எனக்குத் தந்தார்கள்.

மீனவர் சங்கத்துச் செயலாளர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். “சேர், உங்களுக்கு எப்பிடித் தெரிய வந்தது? நேவி சொன்னவங்களோ?”

“இல்லை. புத்தகத்திலை கிடந்தது” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் கோயில் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் துக்க மணி அடித்தது.

அந்த மணியைக் கேட்டதும் ஊரே கடற்கரையில் கூடியது. ஜெசிந்தாவைத் தாங்கிக்கொண்டு நாங்களும் போனோம். எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் ஒவ்வொரு பெண்ணும் தன் ஆளைத் தேடிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாடசாலையிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அனிஷ்டாவும் வந்தாள். தாயைக் கண்டதும் அவள் அழவில்லை. வந்து தாயின் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டு, அவருடைய சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன். என்னை விழுங்க அந்த மணலுக்கும் மனம் வரவில்லை.

கடலிலோ வேறு விதமாக நடந்திருக்கிறது. செயலாளர் ஒரு போட்டுக்கு ஃபோன் எடுத்து, “யூட் முடிஞ்சானாம், எங்கையடாப்பா நடந்தது?” என்று கேட்டிருக்கிறார். அதோடு லைன் அறுந்துவிட்டது. அந்தப் போட்டுக்காரர் பக்கத்துப் போட்டில் நின்ற யூட்டைக் கூப்பிட்டு, “மச்சான், நீ செத்துப் போனியாம்” என்று சொல்லியிருக்கிறார். யூட் வீட்டுக்கு ஃபோன் எடுத்துப் பார்த்திருக்கிறார். எடுக்க ஆளில்லை. போட்ட வலையை அப்படியே கடலில் விட்டுவிட்டு மெஷினை முடுக்கினார். அவருக்குப் பின்னால் எல்லாப் போட்டுகளும் வந்தன.

தண்ணீருக்குள் குதித்து வந்த யூட்டைக் கண்டதும் கரையில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. ஜெசிந்தா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. நெஞ்சில் மாறி மாறி அடித்தார். பிறகுதான் கட்டிப்பிடித்தார்.

எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு யூட் என் முன்னால் வந்து நின்றார். ஊர் முழுவதும் சுற்றி நின்றது.

“சேர், நீங்கள் என்னத்துக்கு எங்கட வீட்டை வந்தனீங்கள்?”

“உங்கட மகள் இப்ப நல்லா வாசிக்கிறா. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

யூட் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தன் வலை கிடக்கிற திசையில் கடலைப் பார்த்தார்.

“அப்ப வாசிக்கட்டும், பாப்பம்.”

கடற்கரையில் வாசிக்க என்ன இருக்கிறது? என் கமக்கட்டில் இருந்த புத்தகம் மட்டுந்தான். (அது செபப் புத்தகம் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.) நான் தடுப்பதற்கு முன் சிஸ்டர் அதை வாங்கி அனிஷ்டாவிடம் கொடுத்தார். புத்தகம் தானாகவே கோடு கிழித்த பக்கத்தில் திறந்துகொண்டது. பிள்ளை விரலை வைத்து, தெளிவாக, காற்றுக்கு மேலாக வாசித்தாள்.

“நல்ல செய்தி சொல்லப் போகும்போது சுத்தமான உடை அணியுங்கள். பெற்றோர் மதிக்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள்...”

எங்கோ ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்கினார்.

“குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அவர்கள் பதறினால், ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லுங்கள். இந்த நாளை அவர்கள் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டார்கள்.”

கடற்கரை அதிர்ந்தது. அழுத கண்ணோடு பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யூட் மணலில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் என் முதுகில் தட்டிய தட்டில் இரண்டு நாள் நோவு இருந்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னொருக்கா வாசி” என்றார்.

அடுத்த நாள் போய்த் தேடியபோது யூட்டின் வலையில் பாதிதான் கிடைத்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அனிஷ்டாவைப் படிப்பிலிருந்து நிற்பாட்டவில்லை. இப்போது உயர்தரம் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் முறை வந்து எழுந்தபோது, வலயக் கல்விப் பணிப்பாளர், “சேர், நீங்கள் முதல்ல இருங்கோ” என்றார். மண்டபம் சிரித்து அடங்கவே நேரம் போய்விட்டது. அந்தக் கதை எனக்கு முன்னமே வலயக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் வீடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்தப் புத்தகம் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் போகும்போது படலையில் நின்று, தெரு முழுவதற்கும் கேட்கிற மாதிரி, “ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை! நல்ல விசயம்தான்!” என்று கத்திவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பேன். எங்கள் ஆசிரியர்களும் அப்படித்தான். என் வீட்டில் இது பெரிய பகிடி. மகன் சோதனைப் புள்ளிகளோடு வந்தால் படலையில் நின்று அதையே கத்துவான். நான் வெள்ளைச் சேட்டைப் போட்டால் மனைவி, “இண்டைக்கு ஆரின்ர வயித்தைக் கலக்கப் போறியள்?” என்று கேட்பாள். விருந்தாளி யார் வந்தாலும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, கடற்கரையில் எல்லாரும் சிரித்த இடத்தில் முடிப்பார்கள். நானும் கூடவிருந்து சிரிப்பேன்.

அவர்களுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருடம் ஒரு நாள் காலை பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு போட்டு திரும்பவில்லை. ஆளின் உடலைக் கண்டெடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களிடம் படிக்கிறவர்கள், நீங்களும் வாங்கோ என்றார். போனேன். இருவரும் படலையடியில் நின்றோம். அந்தத் தாய் குசினியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சுவாமியைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. பிறகு பக்கத்தில் நின்ற என்னைக் கண்டார். போன மூச்சுத் திரும்பி வந்தது போல மெல்லச் சிரித்தார்.

“கத்துங்கோவன் சேர்” என்றார். நான் கத்துவேன் என்று அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.