விசில் டீச்சரின் மணல் படகு

சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படகுப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்த ஒரே மனுஷி இந்தப் பூமியில் எங்கள் விசில் டீச்சர்தான். வேறு யாராவது உண்டென்றால் எழுதிப் போடுங்கள்; நான் நம்ப மாட்டேன்.

பொன்மலையில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயரானவர். கழுத்தில் எப்போதும் விசில். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து பிழைத்தவர், தன்னைப் போலவே பிழைத்த எங்களைத் திரட்டி, தாய்லாந்தில் நடக்கும் சர்வதேச டிராகன் படகுப் போட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சபதம் போட்டார். முகப்பில் டிராகன் தலை வைத்த நீளப் படகு அது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். முன்னால் ஒருவர் எங்களைப் பார்த்து உட்கார்ந்து டிரம் அடிப்பார். அந்தத் தாளத்துக்கு எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும்.

காவிரியிலோ மணல்தான் கிடந்தது.

"மேட்டூர் திறக்கிறப்ப திறக்கட்டும். உட்காருங்க!" என்றார்.

ஸ்ரீரங்கம் போகும் பாலத்துக்குக் கீழே மணலில் இரண்டு வரிசையாக உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போட்டோம். டீச்சர் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினார். மூன்றாம் நாளே போலீஸ் வந்துவிட்டது.

"என்னம்மா, தண்ணி கேட்டுப் போராட்டமா? பர்மிஷன் இருக்கா?"

"போராட்டம் இல்ல சார், படகு. குறுக்க நிக்காதீங்க, மோதிரும்!"

அந்த எஸ்.ஐ. உண்மையிலேயே நகர்ந்து நின்றார்.

கடைசி மாதம் சென்னைப் பக்கம் போய் நிஜப் படகில் பழகினோம். எங்களில் பலசாலி டீச்சர்தான் என்பதால் முதல் துடுப்பு அவருக்கு என்று பேச்சு. அவரோ டிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். எங்களை அதட்டும் சுகத்தை விட மனசில்லை என்று கேலி செய்தோம்.

போட்டியன்று காலை ஓட்டல் அறையில் டீ-ஷர்ட்டுக்குள் கையை நுழைக்க முடியாமல் நின்றார். மாட்டிவிடலாமென்று வலது கையைத் தூக்கினேன். "அம்மா!" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"திரும்பி வந்திருச்சுடி. எலும்புல. தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு."

"ட்ரீட்மென்ட் டீச்சர்?"

"உடனே ஆரம்பிக்கணும்னாங்க. ஆரம்பிச்சா இங்க வந்திருக்க முடியுமா? டிரம்முக்கு ஒரு கை போதும். வெளிய சொன்னே, பல்லைப் பேத்துருவேன்."

இடது கையாலேயே அடித்தார். எங்களை முந்திப்போன படகுகள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால். நாங்கள்தான் கடைசி. எல்லைக்கோட்டைத் தாண்டியதும், எங்களுக்குப் பின்னால் கிடந்த வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கத்தினார்:

"பாத்தீங்களாடி, ஒருத்தியால நம்மளத் துரத்த முடிஞ்சுதா?"

படகே குலுங்கச் சிரித்தோம். நான் அழுததைத் தண்ணீர் தெறித்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் சிகிச்சை ஆரம்பித்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, போய்விட்டார்.

முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இன்றும் தைரியம் வரவில்லை. ஆனால் டீச்சர் மேல் கோபம் இருக்கிறது. தெரிந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தால் தரதரவென்று இழுத்துப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன். போட்டியைக் கெடுத்த பாவி என்று ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்காமல் இருந்திருப்பார். இருந்துவிட்டுப் போகட்டுமே. எங்கேயாவது இருந்திருப்பார்.