வேகத்தடை எண்ணும் மணி

பிள்ளைப்பாக்கம்.

அன்புமிக்க மைத்துனர், வக்கீல் வசந்தகுமார் அவர்களுக்கு எல்லப்பன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா கிளியம்மாள் சுகம். நான் தூக்கத்திலும் சுகம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க அம்மன் துணை நிற்கட்டும்.

வல்லம் வடகாலில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் நான் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவதும், நம் ஊரைக் கோட்டைவிட்டுத் தண்டலத்தில் கண் விழிப்பதும் நீங்கள் அறிந்ததே. "தண்டலத்துல அப்படி இன்னா கீது?" என்று உங்கள் அக்கா கேட்கிற தொனி ஒரு மாதிரியாகிக்கொண்டு வந்த சமயத்தில்தான் அந்தக் கனவு வந்தது. பஸ் நெல்வயலில் மிதந்து போகிறது, வரப்புக்கு வரப்பு குலுங்குகிறது, குலுங்கும்போதெல்லாம் ஒரு கொக்கு எழுந்து பறக்கிறது, கடைசிக் கொக்கு என் காதில் கொத்துகிறது. விழித்தால் தண்டலம். ஆனால் மனசில் ஒரு கண்டுபிடிப்பு! ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே வரிசையாகப் பள்ளங்கள், ஓர் இரும்புக் குண்டு. பஸ் வேகத்தடையில் குதித்தால் குண்டு ஒரு பள்ளம் தாண்டும். நம் ஊர் வேகத்தடையில் காதோரப் பூஜை மணிமேல் விழும். இப்போதெல்லாம் நம் ஊரிலேயே இறங்குகிறேன்.

போனில் நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "கண்டுபிடிச்சத ஒண்ணு விடாம எழுதிக் குடுத்துடணும் மாமா. அதுக்குப் பதிலா இருபது வருஷம் உங்களக் கேக்காம வேற யாரும் செஞ்சு விக்க முடியாது. அப்பறம் அது ஊருக்கே சொந்தம். ஒளிச்சி வெச்சா உங்களோட போயிடுமேன்னுதான் இந்தக் காப்புரிமையே குடுக்கறாங்க. ஆனா விண்ணப்பம் போடற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது. பாத்துட்டா அது புதுசு இல்ல." மச்சான், சர்க்கார் இதுவரை என்னிடம் ஆதார் அட்டைதான் கேட்டிருக்கிறது, மனசில் இருப்பதைக் கேட்டதே இல்லை. 'கண்டுபிடித்தவர்: எல்லப்பன்' என்று அச்சில் வருவதைக் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன், திறந்தாலும் பார்க்கிறேன். அது ஒன்றுதான் என் ஆசை.

யாராவது பார்த்தார்களா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை. பஸ் நிறைய ஆட்கள்தான், ஆனால் அத்தனை பேரும் குறட்டை. விழித்திருப்பவர் டிரைவர் அந்தோணிராஜ் ஒருவர். அவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். தூங்குகிற சனம் சட்டப்படி பொதுமக்களா என்று நீங்கள்தான் வாதாட வேண்டும். விண்ணப்பத்தை உடனே போடவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கச்சிக்கு அக்காவின் அன்பு.

இப்படிக்கு,
எல்லப்பன்

பின்குறிப்பு: விண்ணப்பம் போட வேண்டாம். மேலே உள்ளதைப் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதி முடித்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குழாய் தொங்குகிறது. ஊருக்கு ஊர் ஒரு மணி அடிக்கிறது, ஒருவர் எழுந்து இறங்குகிறார். அந்தோணிராஜ் கண்ணாடியில் பார்த்து, "இன்னாண்ணே, இன்னிக்கு எல்லப்பன் மாட்டலியா?" என்றார். "எது?" என்றேன். "அதாண்ணே, அந்த மணி. அதுக்கு எல்லாரும் அந்தப் பேர்தான் சொல்றாங்க" என்றார். இருபது வருஷம் காத்திருக்காமல் ஊருக்கே சொந்தமாகிவிட்டது, பேர் மட்டும் என்னிடமே இருக்கிறது. விழித்திருக்கிறோமே என்று நான் மணி மாட்டவில்லை. தண்டலத்திலிருந்து எழுதுகிறேன். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.