மாவு நன்றாக வந்ததையும் எழுதியிருக்கிறேன், மச்சான்

நெய்வேலி டவுன்ஷிப்,
ஐப்பசி, 2014

மரியாதைக்குரிய மச்சான் சென்னியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரர் வேலுமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தனபாக்கியம், பையன் ஜெயகணேஷ் மூவரும் சுகம். கோயமுத்தூரில் நீங்கள், அக்கா, உங்கள் மகள் புவனா எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதோடு சரி, நீங்கள் போனை எடுத்தால்தானே தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே அது இன்னும் விளங்கவில்லை, எழுதும்போதாவது விளங்குமா என்று பார்க்கிறேன். ஜெயகணேஷ் காண்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு, மிக்சி, கிரைண்டர் பற்றி எழுதும் வெப்சைட் ஒன்றை நடத்துவது உங்களுக்குத் தெரியும். அதைப் படித்தவர்கள் அங்கேயே தட்டி வாங்கினால் இவனுக்குக் கமிஷன். "தைக்குள்ள இது ஒரு தொழில்தான்னு காட்டச் சொல்லுங்க மாப்ள, புவனாவைத் தர்றேன்" என்று சொன்னதும் நீங்கள்தான். உங்கள் கம்பெனியின் 'சென்னி' கிரைண்டர் நோட்டீசைக் கொடுத்து அதில் போடச் சொன்னதும் நீங்கள்தான். பையன் ஒரு புள்ளி மாறாமல் போட்டான். ஆனால் அதே நோட்டீசைக் கடைக்காரர்கள் எல்லோரும் போட்டிருந்தார்களாம். கூகுளில் தேடினால் இவனுடையது ஆள் அரவமே இல்லாத ஏதோ ஒரு கடைசிப் பக்கத்தில் கிடந்தது.

"எல்லாரும் ஒண்ணையே சொன்னா அது உண்மைன்னுதானடா அர்த்தம்?" என்று கேட்டேன். "இல்லப்பா, காப்பின்னு அர்த்தம். யாரும் எழுதாததை எழுதினாத்தான் கூகுள் முன்னாடி காட்டும்" என்றான். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை வருஷமாகச் சுரங்கத்தில் ஷிப்ட் நோட்டை எழுதுகிறேன். முந்தின ஷிப்டின் வாசகம் எதுவோ அதுதான் என் வாசகமும். ஒரு வார்த்தை மாறினாலும் மேலே இருந்து போன் வரும். காப்பி அடித்து நான் நல்ல பேர் வாங்கினேன், அதே காரியத்தைச் செய்த என் மகன் கடைசிக்குப் போகிறான், இது எந்த ஊர் நியாயம் மச்சான்?

பிறகு பையன் வார்த்தைகளை மட்டும் மாற்றிப் பார்த்தான். 'அரைக்கும் கல்' என்பது 'நசுக்கும் பாறை' ஆயிற்று. 'பஞ்சு போன்ற இட்லி' என்பது 'பருத்தி போன்ற இட்லி' ஆயிற்று. கூகுள் இன்னும் பின்னால் தள்ளிவிட்டது. அதில் எனக்கும் கூகுளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைசியில், "சொந்தமா உபயோகிச்சவங்க எழுதணும்ப்பா" என்றான். தீபாவளிச் சீராக நீங்கள் கொடுத்த சென்னி எங்கள் குவார்ட்டர்சில்தானே இருக்கிறது? நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், ஷிப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் நோட்டு மாதிரியே எழுதினேன். 'கிரைண்டர் ஓடத் தொடங்கியது. சத்தம் இயல்பாக இல்லை. பெல்ட் நழுவியது. ஓட்டம் நின்றது. தனபாக்கியம் ஒரு தட்டு தட்டினாள். மீண்டும் ஓடியது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, சொரங்கத்து மெஷின வூட்டுக்கே இட்டுகினு வந்துட்டீங்களா?" என்று விசாரித்தார். மாவு மிக நன்றாக வந்தது. ஒப்படைக்கப்பட்டது.' அவ்வளவுதான்.

அந்த வாரமே சென்னி கிரைண்டர் என்று தேடினால் முதலில் வந்தது அதுதான். உங்கள் கம்பெனி வெப்சைட்டே அதற்குக் கீழே. பையன் குதித்தான், தனபாக்கியம் கேசரி கிண்டினாள். "முதல் இடம்னா பர்மனென்டாடா?" என்று கேட்டேன். இல்லையாம். கேசரி ஆறுவதற்குள் உங்கள் போன் வந்தது. "ஏனுங் மாப்ள, நான் கொடுத்த சீரை வெச்சே என் பொழப்பைக் கெடுக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் தங்கை எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

என் குழப்பம் இதுதான். கட்டுரை இருந்தால் பையனுக்குத் தொழில் உண்டு, ஆனால் பெண் கொடுக்க உங்களுக்கு மனம் வராது. எடுத்துவிட்டால் உங்கள் கோபம் போகும், ஆனால் தொழில் இல்லாதவனுக்குப் பெண் எப்படிக் கேட்பது? அந்தப் பிள்ளைகள் இரண்டும் சின்ன வயதிலிருந்தே ஒருவருக்கென்று ஒருவர் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். யோசித்து யோசித்து, பையனைக் கெஞ்சி, நேற்றே அந்தக் கட்டுரையை எடுக்க வைத்துவிட்டேன். முகம் வாடிப்போய் எடுத்தான். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆக, பெல்ட் விஷயம் இனி வெளியே யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தையும் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுங்கள். புவனா கண்ணில் படவே வேண்டாம். மாவு நன்றாக வந்தது என்றும் எழுதினேனே, அதை மட்டும் ஏன் ஒருவரும் படிக்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். புவனாவுக்கு இந்த மாமாவின் ஆசிகள். மருதமலை முருகன் உங்கள் மனதையும் மோட்டாரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
வேலுமணி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி ஜெயகணேஷிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தவன், "அப்பா, இது உலகத்துல எங்கயுமே இல்லாததுப்பா!" என்று முழுசாக வெப்சைட்டில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். இப்போது சென்னி என்று தேடினால் இதுதான் முதலில் வருகிறது. கிழிக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வெப்சைட்டில் அதற்குக் கீழே முதல் ஆளாகப் புவனா கருத்து எழுதியிருக்கிறாள்: "எங்க வீட்டு சென்னியும் இப்படித்தானுங் மாமா கத்துது. அப்பாகிட்ட பெல்ட்டை மாத்தச் சொல்லியிருக்கேன், மாப்பிள்ளையை மாத்த வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்." உங்கள் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதச் சொல்கிறான் பையன். திட்டினாலும் பரவாயில்லையாம், இதுவரை யாரும் திட்டாததாக இருக்க வேண்டுமாம்.